யன்னல் பூட்டித்தான் இருக்கிறது, இருமல் மட்டும் நிற்கவில்லை

கேள்வி: வெள்ளவத்தை வாசகர் ஒருவர், 2024 டிசம்பர் 3

காலி வீதியைப் பார்த்த பிளாட், நாலாம் மாடி. பஸ் புகைக்குப் பயந்து யன்னலே திறப்பதில்லை. இரவு முழுக்க ஏசி. அப்படியிருந்தும் ஏழு வயது மகள் விடியப்புறம் இரண்டு மூன்று மணிக்கு எழும்பி இருமுகிறாள். மருந்து குடித்தால் நாலு நாள் நிற்கும், பிறகு அதே கதை. வெளிக்காற்று வராத வீட்டில் காற்று சுத்தமாகத்தானே இருக்கவேண்டும்? வேறு எதைப் பார்ப்பது?

டிசம்பர் 3, இரவு

பூட்டிய வீடு சுத்தமான வீடு என்று எனக்கும் பத்து வருடம் நம்பிக்கை. நாங்கள் தெஹிவளையில், காலி வீதியிலிருந்து இரண்டு கட்டடம் உள்ளே. காலையில் யன்னல் விளிம்பைத் துடைத்தால் மாலைக்குள் கரித்தூசி. அதனால் பூட்டு.

பூட்டினாலும் வரும். இது டிசம்பர், வடகீழ்ப் பருவக்காற்று இந்தியப் பக்கத்துப் புகையை இங்கே தள்ளிக்கொண்டு வரும் காலம். 2022 டிசம்பரில் மண்டூஸ் புயல் வந்த கிழமையை நினைத்துப் பாருங்கள். வடக்கில் மாடுகள் குளிரில் விறைத்துச் செத்தன, கொழும்பில் நடுப்பகலில் வானம் சாம்பல் நிறமாக நின்றது. பிஎம் 2.5 என்கிற தூள், தலைமுடித் தடிப்பில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. உங்கள் யன்னல் இடுக்கு அதற்குக் காலி வீதி மாதிரி.

ஆகவே வெளிப்புகைதான் என்பது என் கணிப்பு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் காற்றுத் தரம் மோசம் என்று அறிவிக்கும் நாட்களில் இருமல் கூடுகிறதா என்று ஒரு கொப்பியில் குறித்துப் பாருங்கள்.

டிசம்பர் 4, காலை

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். நுளம்புத்திரி கொளுத்துகிறீர்களா?

டிசம்பர் 4, இரவு

கொளுத்துகிறீர்கள். அதுவும் பிள்ளையின் அறையில், கதவைச் சாத்தி, ஏசியைப் போட்டு. சரி, நேற்று நான் எழுதியதில் அரைவாசியை அழித்துவிடுங்கள்.

திட்டவில்லை. 2017இல் ஒரே வருடத்தில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு வந்த நாட்டில் யாரும் திரி கொளுத்துவார்கள். எங்கள் வீட்டிலும் இரண்டு கட்டிலுக்கும் நடுவே பால்மா டின் மூடியில் திரி வைத்துத்தான் தூங்கினோம். 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில் சீன, மலேசியத் திரிகளை எரித்து அளந்திருக்கிறார்கள். ஒரு திரி முழுதாக எரிந்து முடியும்போது வெளிவிடும் பிஎம் 2.5, 75 முதல் 137 சிகரெட் விடுவதற்குச் சமம். கண்ணையும் மூக்கையும் எரிக்கும் ஃபோமல்டிஹைட் என்ற வாயு 51 சிகரெட் அளவு வரை. பிள்ளை அத்தனையையும் இழுக்கிறாள் என்று அர்த்தமில்லை, அறைக்குள் வந்து சேரும் மொத்தம் அது. ஆனால் சாத்திய அறையில் அது எங்கே போகும்? திரியில் நுளம்புக்கான மருந்து மிகக் கொஞ்சம். மிச்சமெல்லாம் மரத்தூள், சிரட்டைத்தூள், பசை. புகைவது அந்த மிச்சம்தான்.

இன்னொன்று. டெங்கு நுளம்பு பகலில் கடிக்கிற சாதி, காலையும் பின்னேரமும் அதற்கு வேலை நேரம். நடுச்சாமத்தில் காதுக்குள் பாட்டுப் படிப்பது வேறு நுளம்பு. டெங்குக்குப் பயந்து இரவு முழுக்கத் திரி எரிப்பது, கள்ளன் வந்து போன பிறகு கதவுக்குக் காவல் இருப்பது மாதிரி.

வலை கட்டுங்கள்.

டிசம்பர் 8

பிளக்கில் குத்துகிற திரவ மருந்து பரவாயில்லையா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். புகை இல்லை, அந்த அளவில் பரவாயில்லை. மருந்து காற்றில் இருக்கத்தான் செய்யும். கட்டிலுக்குப் பக்கத்து பிளக்கில் குத்தாதீர்கள். நான் வலைக்கட்சி.

வலை என்றதும் எங்கள் மாமி சொன்னது: "வலைக்குள்ள படுத்தால் எனக்கு மூச்சு முட்டும் பிள்ளை." திரிப்புகைக்குள் முட்டாத மூச்சு!

டிசம்பர் 15

ஆர்வம் தாங்காமல் புறக்கோட்டையில் ஒரு காற்று மீட்டர் வாங்கிவிட்டேன். உள்ளங்கை அளவு பெட்டி. பிஎம் 2.5, காபனீரொட்சைட்டு, ஃபோமல்டிஹைட், வெப்பநிலை எல்லாம் ஒரே திரையில் காட்டும், விலையும் மலிவு. இரவு மகனின் அறையில் காபனீரொட்சைட்டு 3,100 பிபிஎம், அதாவது காற்றின் பத்து இலட்சம் பங்கில் 3,100 பங்கு. வெளியே இருப்பது 420 அளவில். நெஞ்சு திடுக்கிட்டது. இவரை எழுப்பிக் காட்டினேன். "நித்திரை கொள்ளாட்டி அது இன்னும் கூடும்" என்று திரும்பிப் படுத்தார்.

டிசம்பர் 16

நேற்று எழுதியதை நம்பவேண்டாம்.

இன்று மேசையில் கைக்குச் சானிடைசர் பூசினேன். மூன்று அடி தள்ளியிருந்த பெட்டி 5,000 என்று கத்தியது. நான் என்ன, காபனீரொட்சைட்டா பூசினேன்? விசாரித்தால், மலிவுப் பெட்டிகள் பல அந்த வாயுவை அளப்பதே இல்லையாம். காற்றிலுள்ள மதுசாரம், வாசனை ஆவி போன்றவற்றை உணர்ந்து, அதை வைத்து ஒரு காபனீரொட்சைட்டு எண்ணை ஊகித்துப் போடுகின்றன. நிஜமாக அளப்பதற்கு அகச்சிவப்புக் கதிர் வைத்த உணரி வேண்டும். எங்கள் பெட்டி சாத்திரம் சொல்கிறது. சித்தப்பா ஒருவர் கலியாண வீட்டிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தபோதும் ஏறியது, அந்த மட்டில் அது பொய் சொல்லவில்லை.

டிசம்பர் 29

அலுவலகத்தில் ஒருவரிடம் அகச்சிவப்பு மீட்டர் இருந்தது, ஒரு கிழமைக்கு இரவல் வாங்கினேன். நானும் இவரும் மகனும் ஒரே அறையில், யன்னல் பூட்டு, ஏசி 26இல். படுக்கும்போது 700. காலை ஐந்தரைக்கு 2,400.

நம் வீடுகளில் சுவரில் மாட்டுகிற ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே எடுப்பதில்லை. அறைக்குள் இருக்கும் அதே காற்றை இழுத்துக் குளிராக்கித் திருப்பி விடுகிறது, அவ்வளவுதான். வெளியில் நிற்கும் பெட்டி சூட்டைத்தான் வெளியே தள்ளுகிறது, காற்றை அல்ல. எனக்கே இது இந்த வயதில்தான் தெரியும்.

2,400 என்றால் என்ன? நாம் விடும் மூச்சில் காபனீரொட்சைட்டு நூற்றுக்கு நாலு பங்கு, அதாவது 40,000 பிபிஎம். கணக்குப் போட்டால், விடியப்புறம் நாங்கள் இழுத்த ஒவ்வொரு இருபது மூச்சிலும் ஒன்று ஏற்கனவே யாரோ ஒருவர் விட்டது. மகனுக்குத் தடிமன் வந்தால் இரண்டாம் நாள் எனக்கு, மூன்றாம் நாள் இவருக்கு என்று வரிசை பிசகாமல் வருவதன் காரணம் அந்த இருபதாவது மூச்சில் இருக்கிறது. ஜேர்மனியில் பெற்றன்கோபர் என்ற சுகாதார விஞ்ஞானி 1858இலேயே, அறைக்குள் 1,000 பிபிஎம்முக்கு மேல் போகக்கூடாது என்று எழுதிவைத்தார். அப்போது ஏசியும் இல்லை, நம் பிளாட்டும் இல்லை.

இந்த எண் நேரே நஞ்சு அல்ல. 2012இல் 22 பேரை வைத்துச் செய்த அமெரிக்க ஆய்வில் 1,000க்கும் 2,500க்கும் முடிவெடுக்கும் திறன் குறைந்ததாகக் கண்டார்கள், பிறகு வந்தவர்களில் எல்லோருக்கும் அப்படி வரவில்லை. நான் இதை எத்தனை பேர் மூச்சு தேங்கியிருக்கிறது என்பதற்கு ஓர் அடையாளமாகத்தான் எடுக்கிறேன். கதவை ஒரு சாண் திறந்து, ஹோல் யன்னலையும் கொஞ்சம் திறந்து வைத்தபோது காலையில் 1,050. மின்சாரக் கட்டணம் கூடும், தெரியும்.

2025 ஜனவரி 5

இன்னொரு திருத்தம், வெட்கமாகத்தான் இருக்கிறது.

என் பெட்டி காபனீரொட்சைட்டில்தான் சாத்திரம் சொல்கிறது, பிஎம் 2.5இல் பிழையில்லை என்று நினைத்திருந்தேன். இரவில் 90, 110 என்று காட்டும்போதெல்லாம் மாமியின் சாம்பிராணியில் பழியைப் போட்டேன். வெள்ளிக்கிழமை மட்டும் போடும் சாம்பிராணி செவ்வாய்க்கிழமை இரவில் எப்படி ஏறும் என்று யோசிக்கவில்லை.

இந்தப் பெட்டிகள் லேசர் ஒளியைத் தூளில் பட்டுச் சிதறவைத்து எண்ணுகின்றன. கொழும்பின் புழுக்கத்தில், அதுவும் கடற்கரை ஓரம், உப்புத்தூள் நீரை உறிஞ்சி வீங்கும். பெட்டிக்கு அது பெரிய தூள். ரைஸ் குக்கர் ஆவிக்கும் அப்படித்தான், நான் பெட்டியை வைத்திருந்ததோ குக்கருக்குப் பக்கத்துத் தட்டில். இடத்தை மாற்றினேன், இரவு 30, 35க்கு இறங்கியது. உலக சுகாதார ஸ்தாபனம் 2021இல் சொன்ன 24 மணித்தியால அளவு ஒரு கன மீட்டர் காற்றுக்கு 15 மைக்ரோகிராம், வருடச் சராசரிக்கு வெறும் 5. ஆகவே 35ம் நல்லதில்லை. ஆனால் மாமியிடம் மன்னிப்புக் கேட்கவேண்டிய நிலைமை.

கேட்டேன். "பெட்டிக்கும் சாம்பிராணி காட்டு, நல்லா வேலை செய்யும்" என்றார்.

ஜனவரி 14

பொங்கல். பல்கனியில் ஒரு சின்ன அடுப்பு, மூன்று விறகு, பானை கிழக்கே பொங்கியது. பெட்டியை ஹோலில் வைத்திருந்தேன், 280. இந்த முறை புழுக்கமில்லை, கண்ணே சொல்லியது. ஒரு நாள் தானே என்று யன்னல்களைத் திறந்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

பேசாமல் இருந்தபோதுதான் அம்மம்மா நினைவுக்கு வந்தார். கோண்டாவிலில் நாற்சார் வீடு, நடுவில் முற்றம், காற்று சும்மா வந்து போகும். ஆனால் குசினி தனியே பின்னால், தாழ்ந்த கூரை. புகைக்கூடு இருந்தது, பாதி அடைத்துப்போய். பனம்மட்டை, பொச்சுமட்டை, ஈரவிறகு. அம்மம்மா ஊதுகுழலால் ஊதி, இருமி, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்து, திரும்ப ஊதுவார். குசினிச் சுவரில் விரல் வைத்தால் கரி பசை மாதிரி ஒட்டும். எழுபது வயதில் படி ஏற மூச்சு இல்லை. வைத்தியர் கேட்டது: "எத்தனை வருடம் சுருட்டுக் குடித்தீர்கள்?" அம்மம்மாவுக்கு வந்த கோபம்! ஒரு சுருட்டைத் தொட்டதில்லை. ஐம்பது வருடம் அடுப்பைத்தான் குடித்தார்.

அந்த வைத்தியரைக் குறை சொல்ல முடியாது, அந்தக் காலத்தில் அடுப்பை யார் கேட்டார்கள்? 2020இல் மட்டும் வீட்டு அடுப்புப் புகையால் உலகில் 32 இலட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீடு. நெஞ்சு மட்டுமில்லை, மாரடைப்பு, பாரிசவாதம், சின்னப் பிள்ளைகளுக்கு நிமோனியா எல்லாம் சேர்த்து. அந்த நுண்தூள் நுரையீரலோடு நிற்பதில்லை, இரத்தத்துக்குள்ளும் போகிறது.

கொழும்புக்காரருக்கு இது ஊர்க் கதை என்று நினைக்காதீர்கள். 2022இல் காஸ் இல்லாமல் பிளாட் பல்கனியில் சிரட்டைக்கரி அடுப்பு வைத்தவர்கள்தானே நாம்.

ஜனவரி 26

சேர்ந்துபோன கேள்விகளுக்கு ஒரே மூச்சில்.

மணி பிளான்ட் காற்றைச் சுத்தமாக்குமா? 1989இல் நாசா, மூடிய சின்னப் பெட்டிக்குள் செடி வைத்துப் பார்த்ததிலிருந்து கிளம்பிய கதை. 2019இல் அத்தனை ஆய்வுகளையும் திரட்டிப் பார்த்தவர்கள், யன்னல் திறந்து கிடைக்கும் பலனுக்கு ஈடாக ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடி வரை வேண்டும் என்றார்கள். ஹோலில் சிங்கராஜ வனம். வடிவுக்கு வையுங்கள்.

அஸ்பெஸ்டோஸ் சீற் கூரைக்குக் கீழே குடியிருப்பவருக்கு: உடையாமல் கிடக்கும் சீற் உடனே ஆபத்தில்லை. வெட்டினால், துளைத்தால், தேய்த்துக் கழுவினால்தான் அந்த நார் பறக்கும். அது நுரையீரலில் புற்றுநோய் தரும் என்பதில் சந்தேகமே இல்லை. இலங்கை 2018 ஜனவரி முதல் இறக்குமதியை நிறுத்தப்போவதாகச் சொல்லியிருந்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா, தேயிலைப் பொதியில் வண்டு கண்டோம் என்று நம் தேயிலையை நிறுத்தியது. அஸ்பெஸ்டோஸ் விற்பதும் அவர்கள்தான். கொஞ்ச நாளில் நம் தடை பின்வாங்கியது, தேயிலை கப்பல் ஏறியது. வண்டு என்ன ஆனதோ.

குழந்தை உடுப்பு வைத்த பெட்டியில் பூச்சியுருண்டை போடுபவர்களுக்கு: வேண்டாம். நப்தலீன் ஆவி, பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதியம் குறைந்த பச்சைக் குழந்தைகளுக்கு இரத்தத்தை உடைத்துக் கடும் மஞ்சள் காமாலை தரும்.

பெப்ரவரி 9

இதை போனில் மிச்சமிருக்கும் சார்ஜில் எழுதுகிறேன். பகல் பதினொன்றரையிலிருந்து நாடு முழுக்கக் கரண்ட் இல்லை. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்ததாம், அமைச்சரே சொல்லியிருக்கிறார். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் இருட்டில் இருந்தபோது டொலர் இல்லாததைக் குற்றம் சொன்னோம், இப்போது குரங்கு.

ஏசி இல்லை, ஃபேன் இல்லை, எல்லா யன்னலும் திறந்தாயிற்று. ஒரு மணித்தியாலத்தில் ஹோல் முழுக்க டீசல் மணம். கீழ்த்தளக் கார் பார்க்கில், அதுவும் மூடிய மூலையில், கட்டடத்து ஜெனரேட்டர் ஓடுகிறது.

டீசலின் மணமாவது மூக்குக்குத் தெரியும். அதோடு வரும் காபனோரொட்சைட்டுக்கு (முன்பு சொன்ன காபனீரொட்சைட்டு அல்ல, இது வேறு) மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். தலையிடி, ஓங்காளம், நித்திரை, பிறகு எழும்பாத நித்திரை. கரி அடுப்பும் அதே சாதி. நான் இந்த இழையில் எழுதிய எல்லாவற்றிலும் ஒரே இரவில் ஆளைக் கொல்வது இதுதான், இதற்கு நான் கடைசியில் வந்து சேர்ந்திருக்கிறேன்.

கீழே போய்ச் சொன்னேன். காவலாளி, "மிஸ், வெளியில வைச்சா சத்தம் என்று சொல்றாங்க" என்றார். சத்தம் கேட்டுச் செத்தவர் யார் என்று கேட்டுவிட்டு வந்தேன்.

பெப்ரவரி 11

வெளியில் வைத்துவிட்டார்கள். இப்போது சத்தம் தாங்க முடியவில்லை.

மார்ச் 8

வெளியே எவ்வளவு மோசம் என்று அமெரிக்கத் தூதரக மீட்டரை வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். இந்தக் கிழமை உலகம் முழுக்கத் தூதரகங்களின் அளவீட்டைப் பகிர்வதை நிறுத்திவிட்டார்கள். என் சாத்திரப் பெட்டியைத் திருத்த இருந்த ஒரே வாத்தியாரும் ஓய்வு பெற்றுவிட்டார்.

யன்னல் விஷயத்தில் நான் இப்போது செய்வது: விடியப்புறம் நாலரைக்கு, காலி வீதியில் பஸ் கூட்டம் தொடங்க முன், எல்லாம் திறப்பு. ஆறரைக்கு வீதிப்பக்கம் பூட்டு. பத்து மணிக்குப் பிறகு கடல்காற்று வந்தால் கடல்பக்கம் திறப்பு. உங்கள் கட்டடத்துக்கு மணி வேறாக இருக்கும்.

மார்ச் 22

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். வலை கட்டி மூன்றரை மாதம். இருமல் பாதிக்கு மேல் குறைந்தது, முழுக்க நிற்கவில்லை. போன கிழமை பிள்ளையின் அலுமாரியை இழுத்தார்களாம். பின்சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம், ஆள் உயரத்துக்கு. வெளிச்சுவர், மேல்மாடிக் குளியலறைக் குழாய் கசிவு, ஏசிக் குளிர், காற்று போகாத அரை அங்குல இடைவெளி. பூஞ்சணத்துக்கு வேறென்ன வேண்டும்? பூசி மறைக்காதீர்கள், முதலில் குழாயைத் திருத்துங்கள். ஈரம் நிற்காமல் பெயின்ட் நிற்காது. துடைக்கும்போது பிள்ளையை அந்த அறையில் வைக்கவேண்டாம்.

நான் வெளிப்புகை என்றேன், பிறகு திரி என்றேன். அலுமாரியை ஒரு தரமும் கேட்கவில்லை. அந்தச் சுவருக்கும் கட்டில் தலைமாட்டுக்கும் எவ்வளவு தூரம் என்றாவது கேட்டிருக்கலாம். நெஞ்சில் விசில் சத்தம் கேட்டால் இந்த இழையை மூடிவிட்டு வைத்தியரிடம் போங்கள். தொய்வுக்கு (ஆஸ்துமாவுக்கு) மீட்டர் மருந்தில்லை.

என் வீட்டுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதக் குறிப்பில் அதிகமாக ஏறிய நேரம் எது? பொங்கலும் இல்லை, மாமியின் சாம்பிராணியும் இல்லை. நான் மிளகாய் வறுக்கும் ஞாயிறு காலை. தூளுக்குச் செத்தல் வறுக்கும்போது 400. எங்களுடையது ஹோலோடு சேர்ந்த பன்ரிக் குசினி, சுவர் இல்லை. எக்ஸோஸ்ட் ஃபேன் இருக்கிறது, சத்தம் என்று நான் போடுவதில்லை. காவலாளியிடம் வாய் காட்டிய அதே நான்.

ஏப்ரல் 12

எக்ஸோஸ்ட் போடத் தொடங்கி இரண்டு கிழமை, மிளகாய்க்கு 120 தாண்டவில்லை. பெருமையாக இருந்தது.

இன்று போட்டேன், குறையவில்லை. ஏறியது. நான் அடுப்பே மூட்டவில்லை. 210, 260, 310. குசினி யன்னலால் எட்டிப் பார்த்தேன். நாலு வீட்டுக் குசினியும் ஒரே இடுங்கிய காற்றுக் கிணற்றுக்குள்தான் திறக்கின்றன. எல்லா மாடியிலும் புது வருடப் பலகாரம். கீழே கொண்டைப் பணியாரம், பக்கத்தில் கொக்கிஸ், மேலே யாரோ முறுக்கு. ஒவ்வொரு வீட்டு எக்ஸோஸ்டும் அடுத்த வீட்டு யன்னலுக்கு ஊதுகிறது. நான் இரண்டு கிழமையாக அனுப்பிய மிளகாய் எங்கே போனது என்றும் விளங்கியது.

இரண்டாம் மாடி அக்கா ஒரு தட்டில் பணியாரம் கொண்டுவந்தார். கண் சிவந்திருந்தது. "ஞாயிற்றுக்கிழமையில உங்கட வீட்டுத் தூள் நல்ல வாசம்" என்றார், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டி 340இல் சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது. மாமி அதைத் திருப்பி, திரை சுவரைப் பார்க்க வைத்துவிட்டு, "முதல்ல சாப்பிடு பிள்ளை, ஆறப்போகுது" என்றார்.